மூன்றாவது பெட்டி: கெட்டுப்போன ஹாப்ஸும் சாக்கடைக்குப் போன ஒரு டாங்க் பீரும்

2023 மே மாதக் கடைசியில், பெங்களூரில் நான் வேலை செய்யும் சிறிய ப்ரூவரியில் ஒரு டாங்க் பேல் ஏல் ரக பீரைச் சாக்கடையில் திறந்துவிட்டோம். ஏறக்குறைய 950 லிட்டர். பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கிருமி புகுந்து கெட்ட பீரை ஊற்றியிருக்கிறேன், ஈஸ்ட் பாதியில் படுத்துக்கொண்ட பீரையும் ஊற்றியிருக்கிறேன். ஹாப்ஸ் கெட்டிருந்ததற்காக ஊற்றியது அதுதான் முதல் தடவை. என்ன நடந்தது, எங்கே கவனம் தப்பியது, சப்ளையரிடம் எப்படிப் பேசினோம், எது திரும்பக் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். சப்ளையரின் பெயர் வேண்டாம். அவர் கடைசியில் நேர்மையாக நடந்துகொண்டார், இன்றும் அவரிடம்தான் வாங்குகிறோம்.

ஹாப்ஸ் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது ஒரு கொடி. அதன் பெண் பூக்கூம்பைத்தான் பீரில் போடுகிறோம். கூம்பின் இதழ்களுக்கு அடியில் மஞ்சள் பொடி மாதிரி லூபுலின் சுரப்பிகள் இருக்கும். கசப்பும் வாசனையும் அங்கேதான். கசப்பைத் தருவது ஆல்ஃபா அமிலம். வோர்ட்டோடு, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்பு நீரோடு, சேர்ந்து கொதிக்கும்போதுதான் அது உருமாறிக் கரைந்து கசப்பாகிறது. வாசனையைத் தருவது எண்ணெய்கள். இரண்டுக்குமே காற்றும் சூடும் எதிரி. வட அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அறுவடை செய்வார்கள். உலர்த்தி, பொடித்து, பெல்லட் என்னும் சிறு துண்டுகளாக அழுத்தி, காற்றை வெளியேற்றி, அலுமினியத் தாள் பையில் அடைப்பார்கள். அதற்கப்புறம் அந்தப் பை எங்கே இருந்தாலும் குளிரில் இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து 5 டிகிரிக்குள் இருந்தால் நல்லது, உறைநிலைக்குக் கீழே இருந்தால் இன்னும் நல்லது.

நாங்கள் கேட்டிருந்தது கேஸ்கேட் என்ற ரக ஹாப்ஸில் 60 கிலோ பெல்லட், 2022 அறுவடை, வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா பள்ளத்தாக்கில் விளைந்தது. மூன்று பெட்டி, பெட்டிக்கு 20 கிலோ, ஒவ்வொன்றிலும் ஐந்து கிலோ பை நான்கு.

மே 4, வியாழக்கிழமை சாயங்காலம் வண்டி வந்தது. ஐபிஎல் சமயம். சின்னசாமி மைதானத்தில் ஆட்டம் இருக்கும் நாட்களில் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது, இல்லாத நாட்களிலும் பெரிய திரையில் பார்க்க வந்துவிடுவார்கள். மேலே இருந்த பெட்டியின் லேபிளைப் பார்த்தேன். கேஸ்கேட், 2022, ஆல்ஃபா 6.1 சதவீதம். பில்லோடு ஒத்துப்போனது. கையெழுத்துப் போட்டேன். மூன்று பெட்டியும் கோல்ட் ரூமுக்குள் போயின. மற்ற இரண்டு பெட்டிகளின் லேபிளை நான் பார்க்கவில்லை. இந்த நிகழ்வில் என் பங்கு அங்கேயே தொடங்குகிறது.

அடுக்கும்போது வரிசை தலைகீழானது. கடைசியாக இறக்கிய பெட்டி கதவோரம் வந்துவிட்டது. மே 8, திங்கட்கிழமை ப்ரூவுக்கு அதிலிருந்துதான் முதல் பையை எடுத்தோம். என்னோடு வேலை செய்யும் தம்பிக்கு அப்போது எங்களிடம் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வோர்ட்டைக் கொதிக்க வைக்கும் கெட்டிலுக்குப் பக்கத்தில் தராசு வைத்து எடை போட்டுக்கொண்டிருந்தவன், கையை மூக்கருகே கொண்டுபோய் நின்றான்.

"அண்ணா, இதோட வாசனை கொஞ்சம் வேற மாதிரி இருக்குண்ணா."

நான் அந்த நேரத்தில் வெப்பப் பரிமாற்றியின் வால்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "கேஸ்கேட் அப்படித்தான் இருக்கும், போடு" என்றேன். ஆவி அடித்துக்கொண்டிருந்தது, மால்ட் வாசனை தூக்கலாக இருந்தது, நானே போய் மோந்திருந்தாலும் உறுதியாகச் சொல்லியிருப்பேனா தெரியாது. ஆனால் நான் போகவே இல்லை. அவன் மூக்கு சரியாக இருந்தது, என் பதில் தப்பாக இருந்தது. இதை அவனிடம் அப்புறம் வாய்விட்டே சொன்னேன்.

மே 15-ஆம் தேதி திங்கட்கிழமை, நொதித்தல் முடிந்த அந்த டாங்கில் நான்கு கிலோ டிரை ஹாப் போட்டோம், அதாவது கொதிக்க வைக்காமல் பீரிலேயே வாசனைக்காகப் போடும் ஹாப்ஸ். மறுநாள் அதே பீருக்கான இரண்டாவது ப்ரூ. அதற்கும் அதே பெட்டியிலிருந்துதான் எடுத்தோம். வியாழக்கிழமை காலையில் முதல் டாங்கிலிருந்து மாதிரி எடுத்தேன். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனதும் நாள் முழுக்க ஷூவுக்குள் கிடந்த காலுறை ஞாபகம் வந்தது. அதற்குப் பின்னால் பழைய சீஸ். குடித்துப் பார்த்தால் கசப்பு போதவில்லை, மால்ட்டின் இனிப்பு நாக்கில் தங்கியது.

எதைச் சந்தேகிப்பது

இந்த மாதிரி நாற்றம் வந்ததும் ப்ரூவர்களுக்கு முதலில் கிருமி மேல்தான் சந்தேகம் போகும். எனக்கும் போனது. ஹாப்ஸைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் நம் வீட்டைச் சுத்தமாகப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் சப்ளையரிடம் போய் அவமானப்பட்டு நிற்க நேரும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம், ஈஸ்ட் தவிர வேறெதுவும் தென்படவில்லை. புளிப்பைக் காட்டும் பிஎச் 4.4, வழக்கமான அளவுதான். அடர்த்தி மூன்று நாளாக அசையவில்லை, அதாவது உள்ளே புதிதாக எதுவும் நொதிக்கவில்லை. டிரை ஹாப் போடுவதற்கு முந்தின நாள் எடுத்துவைத்த மாதிரி ஒரு பாட்டில் ஃப்ரிட்ஜில் இருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பாட்டில் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் பாட்டிலில் சீஸ் வாசனை கிடையாது. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். அதாவது நாற்றம் வந்தது டிரை ஹாப்புக்கு அப்புறம்.

கோல்ட் ரூமுக்குப் போய், இதுவரை தொடாத பெட்டியிலிருந்து ஒரு பையைத் திறந்தேன். இரண்டு எவர்சில்வர் தட்டு எடுத்து, ஒன்றில் புதிய பையின் பெல்லட், இன்னொன்றில் நாங்கள் பயன்படுத்திவந்த பையின் பெல்லட் ஒரு பிடி. ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் கேள்விக்கே இடமில்லை. ஒன்று இலைப்பச்சை. நகத்தால் உடைத்தால் உள்ளே ஈரப்பிசின் மாதிரி பிடிக்கிறது, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளினாற்போல ஒரு மணம், அப்புறம் பூ வாசனை. மற்றது ஓரங்களில் பழுப்பேறிய மங்கல் பச்சை. தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. தேய்த்த உள்ளங்கை சூடேற ஏற அந்தக் காலுறை நாற்றம் எழுந்தது. தனியாகப் பார்த்தால் "பரவாயில்லை" என்று தோன்றியிருக்கும். பக்கத்தில் நல்லதை வைத்தபோதுதான் கெட்டது எவ்வளவு கெட்டது என்று தெரிந்தது.

அரை லிட்டர் வெந்நீரில், கொதிக்க வைக்காமல் எழுபது டிகிரி அளவில், ஐந்து ஐந்து கிராம் போட்டு மூடி வைத்தோம். பத்து நிமிஷம் கழித்துக் கடையில் பரிமாறும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் மோந்து பார்க்கச் சொன்னோம். இரண்டு பேரும் ஒரே கிளாஸைத் தள்ளி வைத்தார்கள்.

அப்புறம்தான் லேபிளைப் பார்த்தேன். மூன்றாவது பெட்டியின் லாட் எண் வேறு. அறுவடை ஆண்டு 2021.

பை உப்பியிருந்ததால்தான் கெட்டது என்று தம்பி முதலில் நினைத்தான். அது தப்பு. பெல்லட் நொறுங்காமல் இருக்க நைட்ரஜன் நிரப்பி மென்மையான பையாகவே அடைக்கும் வழக்கம் உண்டு, கல் மாதிரி இறுகிய பையும் உண்டு. உப்பியிருப்பதோ இறுகியிருப்பதோ கெட்டதற்கு அடையாளம் ஆகாது. முன்பு கல் மாதிரி இருந்த பை இப்போது தளர்ந்திருந்தால் அது அடையாளம். மடிப்பில் ஊசித்துளை இருந்தால் அது அடையாளம். எங்கள் பைகளில் அப்படி எதுவும் இல்லை. பை முழுசாக இருந்தது, உள்ளே இருந்ததுதான் கிழடு தட்டியிருந்தது.

ஆல்ஃபா 6.8 என்ற சான்று

அந்த லாட்டின் பகுப்பாய்வுச் சான்றை அனுப்பச் சொல்லி வாட்ஸாப்பில் கேட்டேன், கூடவே இரண்டு தட்டின் படம். விற்பனைப் பிரதிநிதி ஓசூர்ப் பக்கத்துக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். ஒரு மணி நேரத்தில் சான்று வந்தது, பின்னாலேயே ஃபோனும் வந்தது.

"சார், ஆல்ஃபா 6.8 இருக்கு சார். நீங்க கேட்டதைவிட ஜாஸ்தி. இதுல என்ன சார் குறை?"

அவர் ஏமாற்றுவதற்காகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நிறையப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள், ப்ரூவர்களிலும் நம்புகிறவர்கள் உண்டு. சான்றில் இருக்கும் எண், பரிசோதனை செய்த நாளின் எண். அந்தச் சான்றின் தேதி 2021 அக்டோபர். அதாவது பத்தொன்பது மாதத்துக்கு முந்தையது. கேஸ்கேட் ரகம் சேமிப்புத் திறனில் மிகவும் பலவீனமானது. பையில் அடைக்காத கூம்பாக 20 டிகிரியில் ஆறு மாதம் இருந்தால் ஆல்ஃபாவில் ஏறக்குறைய பாதி போய்விடும் என்று ரகங்களின் அட்டவணையிலேயே போட்டிருப்பார்கள். மேக்னம் மாதிரி ரகம் அதே நிலையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தக்கவைத்துக்கொள்ளும். ரகத்துக்கு ரகம் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. பழைய மேக்னமாக இருந்திருந்தால் நாங்கள் கவனிக்காமலேயே போயிருக்கலாம்.

எவ்வளவு வயதாகிவிட்டது என்று அளக்க ஒரு வழி இருக்கிறது: ஹாப் சேமிப்புக் குறியீடு, எச்எஸ்ஐ என்பார்கள். 1979-இல் அமெரிக்காவில் நிக்கர்சன், லைக்கன்ஸ் என்ற இருவர் வகுத்தது. ஹாப்ஸைக் கரைப்பானில் ஊறவைத்து எடுத்த சாற்றின் வழியே 275, 325 நானோமீட்டர் அலைநீளங்களில் புற ஊதாக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று பார்ப்பார்கள். நல்ல அமிலங்கள் பெரும்பாலும் 325-இல் உறிஞ்சும், ஆக்சிஜன் பட்டுச் சிதைந்தவை 275-இல் உறிஞ்சும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால், அதாவது 275-இன் அளவை 325-இன் அளவால் வகுத்தால், வருவது எச்எஸ்ஐ. புத்தம் புதிய ஹாப்ஸில் 0.25 வாக்கில் இருக்கும். 0.40 தாண்டினால் யோசிக்க வேண்டும், 0.50 தாண்டியதை வாசனைக்காக நான் தொட மாட்டேன்.

சரி, பரிசோதனைக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தோம். ஆனால் எங்களிடம் மிஞ்சியிருந்த நிலையைப் பாருங்கள். மூன்றாவது பெட்டியில் 20 கிலோ. முதல் ப்ரூவுக்குக் கெட்டிலில் மூன்றரைக் கிலோ, டிரை ஹாப் நான்கு, இரண்டாவது ப்ரூவுக்குக் கெட்டிலில் மூன்றரை, ஆக 11 கிலோ போய்விட்டது. திறந்த பையில் நான்கு கிலோ. முத்திரை உடையாமல் இருந்தது ஒரே ஒரு பை. அந்த ஒரு பைதான் எங்கள் வழக்கே. திறந்த பையை எடுத்துக்கொண்டு போனால், "நீங்க திறந்து வெளியில வச்சிருப்பீங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். அந்தப் பையைத் திறக்காமல், "நீங்களே நேரில் வந்து திறங்கள்" என்று பிரதிநிதியைக் கூப்பிட்டோம்.

அவருக்கு முதலில் இருந்த சந்தேகம் நியாயமானதுதான்: எங்கள் கோல்ட் ரூம். இங்கே எங்களைக் காப்பாற்றியது ஒரு நூற்று இருபது பக்க நோட்டு. காலையும் மாலையும் கோல்ட் ரூம் வெப்பநிலையைத் தம்பி அதில் எழுதுவான். இரண்டிலிருந்து நான்கு டிகிரி, நாள் தவறாமல். மே 11-ஆம் தேதி ராத்திரி கரண்ட் போய், ஜெனரேட்டரும் மூன்று மணி நேரம் மக்கர் செய்ததில் ஒன்பது டிகிரி வரை ஏறியிருந்தது. அதையும் எழுதியிருந்தான். அந்தப் பக்கத்தையும் சேர்த்தே காட்டினேன். மூன்று மணி நேரம் ஒன்பது டிகிரியில் இருந்ததால் ஹாப்ஸ் இப்படி ஆகாது. அதே ராத்திரி அதே அறையில் இருந்த மற்ற இரண்டு பெட்டிகளும் நன்றாகத்தானே இருக்கின்றன? மறைத்து வைத்து அப்புறம் அவராகக் கண்டுபிடித்திருந்தால் நோட்டில் இருந்த மற்ற எந்த எண்ணையும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

திங்கட்கிழமை வந்தார். பையை நாலாபக்கமும் திருப்பிப் பார்த்து, முத்திரையைப் படம் எடுத்துக்கொண்டு, தன் கத்தரியாலேயே வெட்டினார். உள்ளே கையை விட்டு ஒரு பிடி எடுத்து இரண்டு கையாலும் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். கையை இறக்கவில்லை, இன்னொரு தடவையும் மோந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "சார், இதை நான் உங்களுக்கு அனுப்பியிருக்கக் கூடாது."

அதற்கப்புறம் எங்களுக்குள் வாக்குவாதம் இல்லை. மூன்று மாதிரி எடுத்தோம். நூறு நூறு கிராம், காற்று உறிஞ்சி அடைத்து, அடைப்பின் மேல் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஒன்று அவருக்கு, ஒன்று நகரில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வகத்துக்கு, ஒன்று எங்கள் ஃப்ரீசருக்கு. முடிவில் தகராறு வந்தால் மூன்றாவதைப் பொதுவான இடத்துக்கு அனுப்பலாம் என்பது ஏற்பாடு. நல்ல பெட்டியிலிருந்தும் ஒரு மாதிரி அனுப்பினோம். அது முக்கியம். ஒப்பிட ஒன்று இல்லாமல் ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது.

முடிவு ஒன்பது நாளில் வந்தது. நல்ல பெட்டி: ஆல்ஃபா 5.7, எச்எஸ்ஐ 0.31. மூன்றாவது பெட்டி: ஆல்ஃபா 4.1, எச்எஸ்ஐ 0.58. எச்எஸ்ஐயை 0.25-ஆல் வகுத்து, பத்தை அடியாகக் கொண்ட லாகரிதம் எடுத்து, 110-ஆல் பெருக்கினால் இழப்பு எத்தனை சதவீதம் என்று தோராயமாக வரும். 0.58-க்கு அது நாற்பது சதவீதம். 6.8-லிருந்து 4.1-க்கு இறங்கியதும் அதே கணக்குதான். சூத்திரமும் நேரடி அளவும் ஒத்துப்போனதால் ஆய்வகத்தின் மேல் சந்தேகப்பட இடமில்லாமல் போனது.

இந்தக் குறியீடு இன்னொரு விஷயத்திலும் உதவுகிறது. ஆல்ஃபா குறைவாக இருப்பதெல்லாம் சப்ளையர் குற்றம் ஆகாது. 2022 கோடையில் ஜெர்மனியின் ஹாலர்டாவ் பகுதியில் வெயிலும் வறட்சியும் வாட்டி எடுத்தன. விளைச்சலும் குறைந்தது, ஆல்ஃபாவும் குறைந்தது. அந்த வருடத்து ஹாப்ஸில் ஆல்ஃபா குறைவாக இருக்கும், ஆனால் எச்எஸ்ஐ புதியதற்கு உரியதாகவே இருக்கும். அது வானம் செய்த வேலை. கூடுதலாகப் போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம். 2020 செப்டம்பரில் ஒரிகன் மாநிலத்தில் காட்டுத்தீப் புகை அறுவடை நேரத்தில் ஹாப் தோட்டங்களைச் சூழ்ந்தது. அப்படிப் புகை படிந்திருந்தால் ஆல்ஃபா எண்ணிலும் தெரியாது, எச்எஸ்ஐயிலும் தெரியாது, மூக்கு மட்டும்தான் சொல்லும். ஆல்ஃபா தாழ்ந்து எச்எஸ்ஐ ஏறியிருந்தால்தான் சேமிப்பில் நடந்த தப்பு. எங்களுடையது அது.

பீருக்கு என்ன செய்வது

கெட்ட ஹாப்ஸ் விஷயத்தில் நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: கசப்பைக் கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடலாம், வாசனையைச் சரிசெய்ய முடியாது. இரண்டு டாங்கின் விதியும் இதை வைத்துத்தான் முடிவானது.

கணக்கைப் பார்ப்போம். 1000 லிட்டர் வோர்ட்டில் ஒரு மணி நேரம் கொதிக்க ஒன்றரைக் கிலோ, கடைசிப் பத்து நிமிஷத்துக்கு இரண்டு கிலோ. 6.1 சதவீதம் என்று வைத்துப் போட்ட கணக்கில் முதலாவது 23 ஐபியூ (கசப்பை அளக்கும் அலகு), இரண்டாவது 12, ஆக 35. உண்மையில் இருந்தது 4.1. அப்படியானால் 15-உம் 8-உம் சேர்த்து 23 வாக்கில்தான் வரும். சிதைந்த ஆல்ஃபா அமிலங்களுக்கும் ஓரளவு கசப்பு உண்டு என்பதால் நாக்கில் அவ்வளவு மோசமாக விழவில்லை, ஆனாலும் எங்கள் வாடிக்கையாளருக்குத் தெரிந்துவிடும் அளவுக்கு இனிப்பு தங்கியது.

இரண்டாவது டாங்கில் இன்னும் டிரை ஹாப் போடவில்லை. கெட்டிலில் போட்டதன் சீஸ் வாசனை பீரில் பிடிபடவில்லை. மோந்து மோந்து பார்த்தோம், முன்பு சொன்ன இரண்டு பேரையும் மறுபடி உட்கார வைத்தோம். குறைவது கசப்பு மட்டும்தான். ஊரில் இன்னொரு ப்ரூவரியில் இருக்கும் நண்பரிடம் ஐசோ ஆல்ஃபா சாறு இருந்தது, ஆல்ஃபா அமிலத்தை ஏற்கெனவே கசப்பாக உருமாற்றி வைத்த, 30 சதவீதம் கரைசல். 10 ஐபியூ என்றால் லிட்டருக்கு 10 மில்லிகிராம், 1000 லிட்டருக்கு 10 கிராம். கரைசலாக 33 கிராம், வழியில் ஆகும் இழப்பையும் சேர்த்து 45 கிராம் வைத்துக்கொண்டோம். முதலில் ஒரு லிட்டர் ஜாடியில் சொட்டுக் கணக்கில் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் டாங்கில் இறக்கினோம். ஒரு இருமல் மருந்து பாட்டிலில் பாதிகூட வராத அளவு, ஒரு டாங்க் பீரைக் காப்பாற்றியது. நல்ல பெட்டியிலிருந்து டிரை ஹாப் போட்டு ஜூன் முதல் வாரத்தில் விற்பனைக்கு விட்டோம்.

முதல் டாங்குக்கு வழி இல்லை. அந்தக் காலுறை நாற்றத்துக்குக் காரணம் ஐசோவலரிக் அமிலம், ஹாப்ஸின் அமிலங்கள் ஆக்சிஜன் பட்டு உடையும்போது பிறப்பது. தானாக ஆறிப் போகாது, கார்பன் டை ஆக்சைடை ஓடவிட்டு வெளியேற்றவும் முடியாது. மேலே இன்னும் நான்கு கிலோ நல்ல ஹாப்ஸ் போட்டு மூடி மறைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. பத்து லிட்டர் கெக் பீப்பாயில் செய்தும் பார்த்தேன். முதல் நாள் பம்பளிமாஸ், மூன்றாம் நாள் பம்பளிமாஸுக்கு அடியில் காலுறை.

முதலாளி நல்ல மனுஷர், பீரை விரும்பிக் குடிப்பவர். அவருக்கு மனசு கேட்கவில்லை. "பெல்ஜியத்துல பழைய ஹாப்ஸைத்தானே போடறாங்கன்னு நீயே சொல்லியிருக்கியேப்பா?" என்று கேட்டார். சொல்லியிருக்கிறேன், உண்மைதான். லாம்பிக் என்ற புளிப்பு பீருக்கு இரண்டு மூன்று வருடம் பழகிய ஹாப்ஸை வேண்டுமென்றே போடுவார்கள். அவர்களுக்கு ஹாப்ஸின் கசப்பும் வேண்டாம், வாசனையும் வேண்டாம், கெடுக்கும் கிருமிகளை அடக்கிவைக்கும் குணம் மட்டும் வேண்டும். மணிக்கணக்கில் கொதிக்க வைத்து, மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் ஊற வைப்பார்கள். மூன்று வாரத்தில் விற்கும் பேல் ஏலில், அதுவும் கொதிக்க வைக்காத டிரை ஹாப்பில், அந்த நியாயம் செல்லாது. ஒரு கிளாஸ் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். குடித்துவிட்டு "ஊத்திடு" என்றார். வால்வைத் திறந்தபோது தம்பி பக்கத்தில் நின்றான். ஊற்றி முடிய நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது.

பேச்சுவார்த்தை

சப்ளையர் தன் கிடங்கில் விசாரித்ததில் வெளிவந்தது இது: முந்தின வருடத்து லாட்டில் மிச்சமிருந்த சில பெட்டிகள் புதிய லாட்டின் அடுக்குக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கின்றன, எடுத்தவர் ரகத்தைப் பார்த்தாரே தவிர வருடத்தைப் பார்க்கவில்லை. அது கைப்பிசகு. கைப்பிசகு யாருக்கும் வரும். பெரிய விஷயம் அதற்கடுத்தது. அந்தப் பழைய பெட்டிகள் கோல்ட் ஸ்டோரேஜில் இல்லை. ஏசி போட்ட அறையில், இருபது டிகிரி அளவில், இரண்டு கோடையைக் கடந்திருக்கின்றன. இதை அவர் ஒளிக்காமல் சொன்னார்.

முதலில் அவர் சொன்ன தீர்வு பாதி விலை. மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள், கசப்புக்குப் போட்டுத் தீர்த்துவிடுங்கள் என்றார். காகிதத்தில் அது நியாயமாகத்தான் தெரியும். 4.1-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் ஒன்றரைக் கிலோவுக்குப் பதில் இரண்டேகால் கிலோ போட வேண்டும், விலை பாதி என்றால் லாபம்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கூடுதல் பெல்லட் போட்டால் கூடுதல் இலைச்சத்து சேர்ந்து தொண்டையைப் பிடிக்கும், கெட்டில் அடியில் கூடுதல் கசடு, அதோடு போகும் வோர்ட். இதைவிடப் பெரிய காரணம் வேறு. கோல்ட் ரூமில் கெட்ட சரக்கு இருந்தால் என்றைக்காவது ஒரு அவசர நாளில் அது தப்பான டாங்குக்குள் போகும். அதற்கு எங்களைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கடைசியில் மிஞ்சிய ஒன்பது கிலோவைத் திரும்ப எடுத்துக்கொண்டார், 20 கிலோவுக்கும் முழுப் பணத்துக்கு கிரெடிட் நோட் கொடுத்தார், புதிய லாட்டிலிருந்து 20 கிலோவைத் தன் செலவில் குளிர்பெட்டியில் அனுப்பினார். ஊற்றிய பீருக்கு எதுவும் கிடைக்கவில்லை. மால்ட், ஈஸ்ட், கரண்ட், மூன்று வாரம் டாங்க் அடைந்து கிடந்தது எல்லாம் எங்கள் தலையில். கேட்டோம், முடியாது என்றார். எங்கள் கொள்முதல் ஆர்டரில் "கேஸ்கேட் பெல்லட் 60 கிலோ, 2022" என்பதைத் தவிர ஒரு வரிகூட இல்லை. எச்எஸ்ஐ இல்லை, சேமிப்பு நிபந்தனை இல்லை, எத்தனை நாளில் புகார் சொல்லலாம் என்று இல்லை. லேபிளைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதும் நான். அந்த நிலையில் அதற்குமேல் அழுத்த எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஏமாற்றமும் சந்தேகமும் ஹாப்ஸ் வியாபாரத்துக்குப் புதிதில்லை. பவேரியாவின் ஷ்பால்ட் ஊருக்கு 1538-லேயே ஹாப்ஸ் மூட்டைக்குத் தனி முத்திரை வழங்கப்பட்டது, அங்கே விளைந்ததுதான் என்று வாங்குபவர் நம்ப. இங்கிலாந்தில் முதலாம் ஜேம்ஸ் காலத்தில், ஹாப்ஸ் மூட்டையில் இலை, காம்பு, மணல், வைக்கோல் கலந்து விற்பவர்களைத் தண்டிக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். இன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹாப்ஸ் விற்பனைக்குச் சான்றளிப்பு கட்டாயம், ரகமும் விளைந்த இடமும் அறுவடை ஆண்டும் அதில் இருக்க வேண்டும். எங்கள் மூன்றாவது பெட்டியிலும் அந்த ஆண்டு தெளிவாக அச்சிட்டுத்தான் இருந்தது. யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஆர்டர் ஒரு பக்கம் நீளம். அறுவடை ஆண்டு, லாட்வாரியாகச் சான்று, அனுப்பும் நேரத்தில் எச்எஸ்ஐ 0.35-க்குள், ஐந்து டிகிரிக்குக் கீழே சேமித்ததற்கான பதிவு, அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பெட்டி லேபிளின் படம். பையைத் திறக்கும்போதுதான் தெரியவரும் குறைக்கு, திறந்த ஏழு நாளுக்குள் சொன்னால் பொறுப்பு அவருடையது. சப்ளையர் இதில் ஒரே ஒரு வரிக்குத்தான் மறுப்புச் சொன்னார், பீர் நஷ்டத்துக்கு ஈடு என்ற வரிக்கு. பேசிப் பேசி, கெட்டது நிரூபணமானால் ஹாப்ஸ் விலையைப் போல இரண்டு மடங்கு வரை என்று முடித்தோம். அவரும் கேஸ்கேட், சென்டெனியல் ரகங்கள் இரண்டையும் ஏசி அறையிலிருந்து வாடகைக் கோல்ட் ஸ்டோரேஜுக்கு மாற்றிவிட்டார். அதனால் கிலோவுக்குக் கொஞ்சம் விலை ஏறியது, மனதாரக் கொடுக்கிறோம்.

சரக்கு வரும் நாளில் இப்போது லேபிள் பார்ப்பது என் வேலை இல்லை, தம்பியின் வேலை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பை திறந்து, தட்டில் கொட்டி, தேய்த்து, வெந்நீரில் போட்டு மோந்து பார்த்துவிட்டுத்தான் நோட்டில் எழுதுவான். அவன் எழுதாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. திறந்த பையை அன்றைக்கே மறுபடி காற்று உறிஞ்சி அடைத்து, அடுத்த ப்ரூவுக்கு அதையே முதலில் எடுக்கிறோம்.

கையெழுத்துப் போட்டு ஃப்ரீசரில் வைத்த மூன்றாவது மாதிரி தகராறுக்குத் தேவைப்படவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. புதிதாக யாராவது வேலைக்குச் சேர்ந்தால், முதல் வாரத்தில் அதிலிருந்து நான்கு பெல்லட்டும் நல்ல லாட்டிலிருந்து நான்கு பெல்லட்டும் இரண்டு எவர்சில்வர் தட்டில் வைத்துத் தம்பி அவர்கள் முன்னால் நகர்த்துவான், எது எது என்று சொல்லாமல்.